தாவர நோய்களும் முதல் பெஞ்சும்

சுவரிலிருந்த திரையில் நான்கு கட்டங்கள். நான்கும் இருட்டு.

தாவர நோய்கள் பாடம் நடத்தும் பேராசிரியை, கையில் ஒரு தக்காளி இலையோடு அந்த இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த வருடம் முதல் வேறு நான்கு வேளாண் பல்கலைக்கழகங்களோடு, கட்டத்துக்கு ஓர் ஊராக, பாடங்களைப் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஓர் ஊரில் நடத்தினால் எல்லா ஊரிலும் உட்கார்ந்து கேட்கலாம். அங்கிருந்தும் யாரும் வராவிட்டால் பாடத்தை மூடிவிடுவார்கள். பாடத்தோடு அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன வருடமே மூடியிருப்பார்கள். பெயர் கொடுக்கக் கடைசி நாள் சாயங்காலம், "சும்மாதானே இருக்கேன்" என்று ஒரே ஒரு ஆள் வந்து சேர்ந்ததால் தப்பித்தது. அத்தனை பெஞ்சும் காலியாகக் கிடக்கும். அந்த ஆள் மட்டும் முதல் பெஞ்சில். துறையில் அதுவே பெயராகிப் போனது. இந்த வருடமும் அதே ஆள்தான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பாள் பேராசிரியை.

முதல் பெஞ்ச் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "வந்தாச்சு மேடம்" என்னும்.

ஒரே மாணவர் என்றால் லேசா? கொட்டாவி விட்டாலும் கண்டுகொள்ளக் கூடாது. ஒருமுறை, வைரஸ் தாக்கிய இலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம் என்றது முதல் பெஞ்ச். தொண்டை வரைக்கும் வந்த "தப்பு" என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "அப்படியும் யோசிக்கலாம்" என்றாள். ராப்பகலாகப் படித்து வாங்கிய டாக்டர் பட்டம் அன்றைக்குத் தலைகுனிந்தது.

சட்டென்று ஒரு கட்டம் வெளிச்சமானது. உள்ளே தலைகள், தலைகள்.

பிறகு இன்னொன்று. மூன்றாவதில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். நான்காவதில் யாரோ கேமராவுக்குள் மூக்கை விட்டு, "சத்தம் வருதா மேடம்?" என்றான்.

வந்தது. "வருது, வருது!" என்று திரைக்குப் பக்கத்தில் போய்க் கத்தினாள்.

இலையைத் தூக்கிக் காட்டினாள். வளையம் வளையமாக இருக்கிறதே, என்ன காரணம்?

"தண்ணி பத்தல மேடம்," என்றது இரண்டாவது கட்டம்.

"தப்பு!" என்றாள். ஆஹா, எத்தனை நாளாயிற்று! "சுத்தமாத் தப்பு! அடுத்தது?"

மூன்றாவது கட்டம் பூச்சி என்றது. அதற்கும் வாய் நிறையத் தப்பு. பூஞ்சை என்று அவளே சொல்லி முடித்தபோது ஐந்து ஊரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

வகுப்பு முடிந்து திரை அணைந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முதல் பெஞ்ச் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"அப்பாடா! இனிமே நான் வரலைன்னாலும் கடைய மூட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. ஆனா நீங்க வரணும்."

"வராம? ஒண்ணு மட்டும். நான் தப்பாச் சொன்னா இனி எனக்கும் தப்புன்னே சொல்லு. மழுப்பாத."

"சொல்லிட்டு, சாயங்காலம் உங்களோட ஒரே வீட்டுக்குத்தானே அத்தை போகணும்?" என்றாள் மருமகள்.