பூஜையில் இருந்த ஸ்பானர்

ஸ்பானரைத் தொடக் கூடாதாம். மிஷினை மட்டும் ஓட்டலாமாம்.

முத்தாரம்மாளுக்குக் கையிலிருந்த துடைப்பத்தை வீசி எறியலாம் போல வந்தது.

கரமனை மர ஷெட்டில் அன்று வேலை கிடையாது. மகாநவமி. முந்தின நாள் சாயங்காலமே உளி, அரம், வாள் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு பலகையில் அடுக்கி, பூஜை வைத்தாகிவிட்டது. விஜயதசமியன்று காலையில் பூஜை எடுக்கும்வரை அதில் ஒன்றையும் யாரும் தொடக் கூடாது. அவளும் அவள் புருஷன் வேலாயுதனும் மரச்சுருளைக் கூட்டி அள்ளத்தான் வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காண்டிராக்டர் அருமைநாயகம் வந்து இறங்கினார். பள்ளிக்கூடங்களுக்கு இருநூறு பெஞ்சு வேண்டும். இந்த இழைப்பு மிஷினில் பலகை ஒரே கனத்தில் வெளியே வருகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஆர்டர் இங்கேதான். ஆனால் அவர் பத்தரை மணி நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

கோமதிநாயகம் முதலாளி அதிக நேரம் யோசிக்கவில்லை. மிஷினுக்குப் போட்டிருந்த செவ்வந்தி மாலையைத் தன் கையாலேயே கழற்றினார்.

"மிஷினு பூஜையில வச்சதில்ல, கேட்டியா. அதுக்குச் சந்தனம் தொட்டு மாலை போட்டதோட சரி. பலகையில இருக்கதுதான் பூஜை."

இப்படி ஒரு சட்டத்தை முத்தாரம்மாள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

முதலாளி அதோடு நிற்கவில்லை. மிஷினின் வாய்க்கு நேரே கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், எஞ்சினை மறைத்துக் கட்டிய குட்டைச் சுவருக்குப் பின்னால் போட்டு, காண்டிராக்டரை அதில் உட்கார வைத்தார். வெள்ளைக் கோட்டில் தூசி விழுந்துவிடக் கூடாதே! வேண்டியவர்களுக்கு எத்தனை மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வேலாயுதன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"மொதலாளி, கத்தி ரெண்டும் கை முறுக்குலயாக்கும் நிக்கி."

நேற்று அவன் கத்திகளை எண்ணெய்க் கல்லில் தீட்டி, உருளையில் பொருத்தி, திருகாணிகளை விரலால் முறுக்கி வைத்திருந்தான். ஸ்பானரைப் போட்டு இறுக்கப் போகும்போது முதலாளி வந்து அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நல்ல நேரம் தவறிவிடுமாம். அந்தத் திருகாணிக்குச் சேருகிற ஸ்பானர் ஷெட்டில் அது ஒன்றுதான். மிஷினோடு கப்பலில் வந்தது. இப்போது பூவுக்கு நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறது.

"ஒரு பலகைக்குத்தானலே! அம்பாள் இருக்கா, ஒண்ணும் வராது. பொண்டாட்டி முன்னால நடுங்குதியே, வெக்கமா இல்லியா?"

காண்டிராக்டர் சிரித்தார்.

வேலாயுதன் தலையைக் குனிந்துகொண்டு ஓர் அயனிப் பலகையை எடுத்தான். உள்ளங்கையால் தடவி, ஆணி இருக்கிறதா என்று பார்த்தான். அது மட்டும் மறக்கவில்லை.

ஆறு வருஷமாக அவன் பத்து விரலோடு வீட்டுக்கு வருகிறான். எப்படி வருகிறான் என்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டைக் கழற்றாமல் மிஷினுக்குள் கை நீட்ட மாட்டான். சிக்கின சுருளைக் குச்சியால்தான் தள்ளுவான். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் உருளை நிற்கும்வரை காத்திருப்பான். "கத்தி இறுகாம ஓட்டினா, நேரே நிக்கவனுக்குச் சாவுதான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருநாள் சொன்னான்.

அந்த நேரே நிற்கிற இடத்தில்தான் பலகையை உள்ளே தள்ளுகிறவன் நிற்க வேண்டும்.

வேலாயுதன் பலகையை மிஷினில் சாய்த்து வைத்துவிட்டு, எஞ்சினைக் கிளப்ப அதன் சக்கரத்தில் கை வைத்தான்.

முத்தாரம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். நேராகப் பூஜைப் பலகைக்குப் போனாள். பூவை விலக்கி ஸ்பானரை எடுத்தாள்.

"ஏ மூதேவி! தொடாத! குடும்பம் வெளங்காது!" என்று முதலாளி கத்தினார்.

யார் குடும்பம் என்று திருப்பிக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கை வழுக்கிவிடாமல் இருக்க, சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் அழுத்தித் துடைத்து, ஸ்பானரைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

அவன் ஒவ்வொரு திருகாணியாக இறுக்கினான். கடைசித் திருகாணி ஒரு முழுச் சுற்றும் சுற்றி அதற்கு மேலும் போனது. அத்தனை தளர்வாக நின்றிருக்கிறது கத்தி.

மரக்கட்டையால் கத்திகளைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. ஸ்பானரை அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"முறுகிட்டா?" என்றார் முதலாளி.

"முறுகிட்டு மொதலாளி."

"எல்லாமும்?"

"எல்லாமும்."

முதலாளியின் முகம் தெளிந்தது. "செரி, போட்டும். எடுத்த எடத்துலயே கொண்டு வையி. அதுக்குண்டான பரிகாரத்த நாளைக்குச் செய்யலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சுவருக்குப் பின்னால் போய் நாற்காலியைத் தூக்கினார். மிஷினின் வாய்க்கு நேரே, பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டார்.

"வாங்க சார், இங்க இருங்க. இங்க இருந்து பாத்தாத்தான் நல்லாத் தெரியும்."

காண்டிராக்டரின் கோட்டு அப்படியே வெள்ளையாகத்தான் இருந்தது. அந்த இடத்துத் தூசியும் அங்கேயேதான் இருந்தது.

முத்தாரம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். குட்டைச் சுவரைப் பார்த்தாள்.

ஸ்பானரை அவள் கீழே வைக்கவில்லை.