கதவில் ஒரு சிவப்பு வட்டம்

நான்காம் முறையாக அந்தச் சிவப்பு வட்டம் அவளுடைய அறைக்கதவில் ஒட்டப்பட்டிருந்தது.

ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, கோணல் இல்லாமல், அளந்து ஒட்டியதுபோல் இருந்தது.

அந்த மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் மொத்தம் பதினொரு கதவுகள். மற்றப் பத்துக் கதவுகளும் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தன.

முறையாக விண்ணப்பித்து, முறையாக இடம்பெற்றுப் படிக்க வந்த ஒரு பெண்ணின் கதவில், காரணம் சொல்லாமல் குறியிடுவது எந்த நாட்டு நாகரிகம்?

அந்தத் தாழ்வாரத்தில் கடல் கடந்து வந்தவள் அவள் ஒருத்திதான். இதைத் தற்செயல் என்று நம்புவதற்கு அவள் பச்சைக்குழந்தை அல்லள்.

சென்ற மாதம், கீழ்த்தளத்தில் தங்கியிருந்த வேறொரு நாட்டு மாணவியைப் பெட்டியும் கையுமாக வெளியே அனுப்பினார்கள். ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மாணவியின் கதவிலும் வட்டம் இருந்ததா என்று இவள் பார்த்து வைக்கவில்லை.

தன்னையும் அப்படி அனுப்பிவிட்டால்? படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரில் தலைகாட்ட முடியாது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

முதல்முறை கண்டபோதே, காணொளி அழைப்பில் அக்காவுக்கு அதைக் காட்டியிருந்தாள். அக்கா திரைக்குள் மூக்கை நுழைப்பதுபோல் குனிந்து பார்த்தாள்.

“வெட்டப்போற மரத்துக்குத்தான்டி ரோட்டோரத்துல இப்படிப் பெயின்ட் அடிச்சு வைப்பாங்க. நீ பாட்டுக்கு ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்காத, உஷாரா இரு!”

அக்கா சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனாலும் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

ஒட்டுபவர் யார் என்பதையும் சென்ற வாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். சட்டென்று கதவைத் திறந்தபோது, விடுதிக் காப்பாளர் கட்டைவிரலால் வட்டத்தை அழுத்திக்கொண்டு நின்றார். அவர் திடுக்கிடவே இல்லை. அதுதான் அவளுடைய சந்தேகத்தை வளர்த்தது. கையும் களவுமாக அகப்பட்டவர் திடுக்கிட வேண்டாமா?

அவர் நரைத்த மீசைக்குள்ளேயே நெடுநேரம் ஏதோ சொன்னார். முடிவில், விளங்கியதா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவள் தலையாட்டினாள். விளங்காத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிவிடுவது சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம்.

எதிர் அறைக்காரியின்மீதும் அவளுக்கு ஐயம் உண்டு. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், அதனால் இவள் அவளுக்குச் ‘சிரிப்புக்காரி’ என்றே பெயர் வைத்திருந்தாள். இவளிடம் மட்டும் முகத்துக்கு நேரே நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவாள். அரிச்சுவடி படிக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோல! இதைவிட அவமதிப்பு வேறென்ன வேண்டும்?

இன்று இவள் தன் கதவிலிருந்த வட்டத்தை நகத்தால் உரித்தாள். முன்போல் கசக்கி எறியவில்லை.

தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தாள். எதிர்க் கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, கோணல் இல்லாமல் ஒட்டினாள். கட்டைவிரலால் நன்றாக அழுத்தியும் விட்டாள்.

இனி அவள் சிரிக்கட்டும், பார்க்கலாம்.

உள்ளே வந்து தாழிட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். அறை, அவள் விரும்பியபடியே, நிசப்தமாக இருந்தது.

எட்டுப் பக்கம் படித்திருப்பாள். சன்னலுக்கு வெளியே, கீழே, ஏதோ அசைவது கடைக்கண்ணில் பட்டது.

புல்தரையில் விடுதியே திரண்டு நின்றது. ஒருத்தி ஈரத்தலையில் துண்டோடு நின்றாள். இன்னொருத்தியின் காலில் ஒற்றைச் செருப்பு. காப்பாளர் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் அழைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம்! எல்லாரையும் அழைத்துவிட்டு, அவளை மட்டும் விட்டுவிட்ட கூட்டம். ஆக, அவளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

சிரிப்புக்காரி அண்ணாந்து அவளைப் பார்த்துவிட்டாள். இரண்டு கைகளையும் வீசினாள். விரலை நீட்டிக் காட்டினாள். அத்தனை முகங்களும் மேலே திரும்பின.

ஒருத்தியை ஊர்கூடிச் சுட்டிக்காட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு. அவள் திரையை இழுத்து மூடிவிட்டு, சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

மேசையின்மேல், அகராதிக்குப் பக்கத்தில், ஒரு சிறு பெட்டி இருந்தது. படிக்க உட்காருமுன் கழற்றி வைத்த, காது கேட்கும் கருவிகள் இரண்டும் அதற்குள் இருந்தன.

அவை இல்லாவிட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் கேளாது. இது வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். விமான நிலையத்தில் அம்மா அவளுடைய கூந்தலைக் காதுகளின்மேல் இழுத்துவிட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள்:

“காது விசயம் அங்க யாருக்கும் தெரிய வேணாம் கண்ணு. நாளைக்கு வரன் வர்ற நேரத்துல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால், விடுதிக்கான படிவத்தை நிரப்பியவர் அப்பா. கேட்ட கேள்விக்குப் பொய்யெழுத அவருக்குக் கை வராது. உண்மையை எழுதிவிட்டு, வீட்டில் மூச்சு விடவில்லை.

அபாய மணி அவளுடைய கதவுக்கு நேர்மேலே ஆறு நிமிடமாக அடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தளச் சமையற்கூடத்தில் எழுந்த புகை இரண்டாம் மாடியை எட்டியிருந்தது.

தீயணைப்பு வீரர் ஒருவர் படிகளைத் தாவி ஏறி வந்தார். மணியைக் கேட்பவர்கள் தாமே இறங்கிவிடுவார்கள்; கேளாதவர் இருக்கும் அறையின் கதவில் சிவப்பு வட்டம் இருக்கும்; கதவை உடைத்தாவது அவரை அழைத்து வர வேண்டும். அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது அவ்வளவுதான்.

வட்டம் அவருடைய கண்ணில் பட்டது. மூன்றே உதையில் பூட்டு தெறித்தது.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அலமாரியைத் திறந்தும் பார்த்தார்.

அறையில் ஆள் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, வந்த வேகத்திலேயே படியிறங்கினார்.