மூலையில் ஒரு கறுப்புச் சட்டை

செத்துக் கிடக்கும் மகனை மடியில் போட்டுக்கொண்டு நான் அழுகிறேன். துனிஸ் நகரத்து அரங்கமே மூச்சடக்கி உட்கார்ந்திருக்க, முதல் வரிசையில் இருக்கும் என் அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. காது கேளாதவர்களுக்காக மேடையின் வலது மூலையில் தனி விளக்குப் போட்டு, கறுப்புச் சட்டையோடு ரிஹாபை நிறுத்தியிருக்கிறார்கள். என் வசனத்தை அவள் கைகள் சொல்கின்றன. அம்மாவின் கண்கள் அந்தக் கைகளோடேயே ஏறி இறங்குகின்றன. சின்ன வயதிலிருந்து டிவி நாடகம் அத்தனையையும் அம்மாவுக்குக் கையால் சொன்னவள் நான். ஆத்திரத்தில் இன்னும் உரக்க அழுகிறேன். "காது கிழியுதுடி, மெதுவா அழு," என்று உதடு அசையாமல் முனகுகிறது பிணம்.

நாடகம் முடிந்து விளக்குகள் எரிகின்றன. காது கேளாதவர்கள் உட்கார்ந்திருக்கும் முதல் வரிசை கைதட்டுவதற்குப் பதிலாக இரு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டுகிறது. அம்மாவின் விரல்கள் மூலையைப் பார்த்து ஆடுகின்றன. பிறகு மேடையேறி வந்து, எனக்கென்று வாங்கிய மல்லிகைச் செண்டை ரிஹாபிடம் நீட்டுகிறாள். விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பிசைந்து காட்டுகிறாள். ஈரக்குலையே உருகிப்போச்சு என்று அர்த்தம். எனக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் செய்த சைகை அது. எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"என்னக்கா சொல்றாங்க?" என்கிறாள் ரிஹாப்.

"உன் கை ரொம்ப வேகமாம். ஒண்ணுமே புரியலையாம்."

இந்த மாலையில் முதல் தடவையாக அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உதட்டசைவு நன்றாகப் புரியும்.