ஆழமாக வெட்டிய பெயர்

ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில், ஒரு நகரச் சதுக்கத்தில் நின்ற சிலைப் பீடத்துக்கு உளியைக் கண்டாலே எரிச்சல். ‘ஊரைக் காத்த உத்தமர்’ என்று அதில் பொறித்த வரி அப்படியே இருக்கும். ஆளுநர் மாறும்போதெல்லாம் பெயரை மட்டும் சுரண்டிவிட்டுப் புதிதாக வெட்டுவார்கள். தன் பெயர் அழியக்கூடாதென்று ஒவ்வொருவரும் முந்தையவரைவிட ஆழமாக வெட்டச் சொல்ல, அந்த இடமே குழியாகிவிட்டது.

ஒன்பதாவது ஆளுநர் வந்தார். உளியும் வந்தது.

“தம்பி, இன்னொரு வெட்டு விழுந்தா நான் ரெண்டாப் பிளந்துடுவேன். இவர் பேரையாவது கரியால எழுதேன்,” என்றது பீடம்.

உளி குழியைத் தட்டிப் பார்த்தது.

“நிஜம்தான் அண்ணே. இனிமே இங்க வெட்ட முடியாது.”

பீடம் நிம்மதியாக மூச்சு விட்டது.

“உங்களைத் திருப்பி வைக்கச் சொல்றேன்,” என்றது உளி. “பின்பக்கம் வழவழன்னு இருக்கே. இவர் நாலு விரல் ஆழம் கேட்டிருக்கார்.”