கழன்ற வயர்

சிப் செய்யும் கம்பெனிகளும் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் சேர்ந்து வட்டாரச் சங்கம் தொடங்கிய மேடையில், தலைவரின் ஷூ தட்டி மைக்கின் வயர் கழன்றுவிட்டது. சத்தம் வராததால் அவர் மைக்கின் மண்டையில் நங்குநங்கென்று தட்டினார். மைக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை ஏன்யா அடிக்கிறீங்க? வயர் கழண்டு கெடக்கு, குனிஞ்சு பாருங்கய்யா!"

வயர் இல்லாத மைக் கத்தினால் யார் காதில் விழும்?

"உங்க சாஃப்ட்வேர்தான் கோளாறு" என்றார் ஒரு சிப் முதலாளி.

"உங்க சிப்புதான் சூடாயிடுச்சு" என்றார் சாஃப்ட்வேர் முதலாளி.

அரங்கில் இருநூறு எஞ்சினியர்கள். ஒருத்தர்கூடக் குனியவில்லை.

கடைசியில் தலைவர் தொண்டை கிழியக் கத்தினார்: "இன்றுமுதல் நாம் அனைவரும் இணைந்துவிட்டோம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அவர் ஷூவுக்கடியில் நசுங்கிக் கிடந்த வயரைப் பார்த்து மைக் பல்லைக் கடித்தது.

"எல்லாரும் இணைஞ்சுட்டாங்களாம்டா. நீயும் நானும்தான் பாக்கி!"