பினைன் என்றால்

மைக்ராஸ்கோப்பில் குனிந்த நூர்ஜஹான் நிமிரவே இல்லை.

நானும் அவளைப் போலத் திசுவைப் பார்த்து நோய் சொல்லும் டாக்டர்தான். ஒரு நாளைக்கு முப்பது ஸ்லைடு பார்க்கிறவள். ஆனால் இந்த ஒன்றைப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் ஓரத்தில் 'ராசம்மாள், 63' என்று எழுதியிருந்தது.

என் அம்மா.

மார்பில் கட்டி வந்து எட்டு மாதம் ஆகியிருக்கிறது. முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு, எங்கள் நாலு மா நிலத்தில் குறுவையும் தாளடியும் அறுத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பெற்ற மகள் தஞ்சாவூரில் இதையே வேலையாகப் பார்க்கிறாள், அவளிடம் சொல்ல எட்டு மாதமா! கேட்டால், "அறுப்புக்கு ஆள் கெடைக்கலடி" என்கிறாள். இவளை என்ன செய்வது?

ஊசி போட்டுச் சதை எடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நூர்ஜஹான் ஸ்லைடை நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"பினைன்தான் கயல். நல்லாப் பாத்துட்டேன். மூச்சு விடு."

விட்டேன். கூடவே அழுகையும் வந்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மா வராந்தா பெஞ்சில், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் யூரியா கிடைக்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. புத்துநோய் இல்ல. பினைன்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு நடுங்கியது. அவளும் பயந்துபோய்த்தான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தோடு விடுவாளா?

"பினைன்னா என்னடி அர்த்தம்?"

"தொந்தரவு பண்ணாத கட்டி."

"அது டாக்டரு பேச்சு. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன்."

எனக்குத் தெரியும். தெரியாமலா?

மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருடம். பேராசிரியர் அந்த வார்த்தையைக் கரும்பலகையில் இரண்டாக உடைத்துக் காட்டினார். பழைய லத்தீன் சொல். நல்ல பிறப்பு என்று பொருள். ஆளைக் கொல்லும் கட்டிக்கு 'மாலிக்னன்ட்' என்று பெயர். அதன் வேரில் இருப்பது கெட்ட பிறப்பு. பின்வரிசையில் யாரோ ஏதோ முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின நாள்தான் உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் சத்தமாக வாசித்திருந்தார்கள். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறேன் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

பதினாறு வருடமாக 'பினைன்' என்று ரிப்போர்ட்டில் டைப் அடிக்கிறேன். படிக்கிறவர்களுக்கு அது உயிர் வந்த மாதிரி. எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

ஊரார் வயலிலெல்லாம் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்தவளிடம் போய் இதைச் சொல்வதா? ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் வாய் அடங்கவில்லை.

"லத்தீன்ல நல்ல குலத்துல பொறந்ததுன்னு அர்த்தம்மா."

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்தவள்கூடத் திரும்பி எங்களைப் பார்த்தாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"இத லத்தீன்காரன் வந்து சொல்லணுமாக்கும்? என் ஒடம்புல பொறந்தது பின்ன எப்பிடிடி இருக்கும்?"