இரண்டு விரல் இடைவெளி

"ஆள் போயாச்சு," என்றார் தலைமை மயக்க மருத்துவர், பற்களைப் பிரிக்காமலே.

இளம் மயக்க மருத்துவன் புல்லட் கையை எடுத்தான். மேஜைமேல் கிடந்தது பயிற்சிப் பொம்மைதான்; இருந்தும் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது.

பொம்மையின் தாடையை அவர் பிளாஸ்திரியால் இறுக்கியிருந்தார். வாயில் இரண்டு விரல்தான் நுழையும். அதற்குள் கேமராக் கருவியை விட்டு, திரையைப் பார்த்து, மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். உள்ளே கம்பி வைத்து வளைத்த டியூப் ஒரு முறை. மெல்லிய குச்சியை முதலில் அனுப்பி அதன்மேல் டியூபைச் சறுக்கிவிடுவது இன்னொன்று. எது மேல் என்று ஒப்பிட வேண்டுமாம்.

"திரையில பளிச்சுன்னு தெரியுது மேடம். டியூப்தான் போக மாட்டேங்குது."

"திரையையே பார்த்தா எப்படி? இந்நேரம் அண்ணத்தைக் கிழிச்சிருப்பீங்க. ரத்தம் கேமராவை மூடியிருக்கும்."

போன் அடிக்க, அவர் வெளியே போனார்.

"வந்த நாள்லேருந்து கடுகடுன்னுதான் இருக்காங்க. சிரிச்சாக்கூட பல்லு தெரியல," என்று புல்லட் பொருமினான். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தரைத் தூக்கப் போறாங்க, பாரு அத்தை."

"மெதுவா பேசுடா, காதுல விழுந்துடப் போகுது."

அவளும் அவனைப் போல இளம் மயக்க மருத்துவர்தான்; எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பதால் அந்தப் பட்டப்பெயர். அவளுக்கும் அதே பயம். வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

திரும்பி வந்தவர், ஆறிப்போன காபியை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினார். "இப்ப நீங்க."

அத்தை முதலில் கம்பி முறையில் போட்டாள். முட்டி மோதித்தான் இறங்கியது. அடுத்துக் குச்சியை எடுத்தாள். அது நாக்கைத் தாண்டும்வரை பொம்மையின் வாயையே பார்த்தாள், அப்புறம்தான் திரையை. டியூப் வழுக்கிக்கொண்டு போக, பொம்மையின் நெஞ்சு உயர்ந்தது.

"குச்சிதான் மேடம். இத்தனூண்டு வாய்ல கம்பியைத் திருப்ப இடமே இல்ல."

"நாளைக்குக் காலையில ஒரு தாடைக் கட்டி ஆபரேஷன். மயக்கம் நீங்க குடுங்க. குச்சியே போதும்."

புல்லட் தரையைப் பார்த்தான். அத்தை குச்சியைக் கீழே வைத்தாள். "நீங்க பக்கத்துல நிப்பீங்கல்ல மேடம்?"

அவர் பிளாஸ்திரியைப் பிரித்தார். பொம்மையின் வாய் அகலத் திறந்துகொண்டது.

"நிக்க முடியாதும்மா. மேஜைமேல படுத்திருப்பேன்."